கேளாமல் திறக்கும் ஜன்னல்கள்

1990களின் பிற்பாதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து டிரைபாட் என்றொரு இணையதளம் இயங்கிவந்தது. யார் வேண்டுமானாலும் அங்கே இலவசமாகத் தனக்கென ஒரு வலைப்பக்கம் அமைத்துக்கொள்ளலாம். செலவை விளம்பரம் ஈடுகட்டும். ஒருநாள் பெரிய கார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம், பாலுறவு பற்றி யாரோ எழுதிய பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. நிறுவனம் கொதித்துப்போனது. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று எப்படியாவது காட்டியாக வேண்டும். அங்கே வேலை பார்த்த ஈதன் சக்கர்மன், விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனி ஜன்னலில் திறக்கும் நிரல்வரிகளை எழுதினார். பாப்-அப் விளம்பரம் பிறந்த கதைகளில் நன்கு அறியப்பட்டது இதுதான். 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் அவரே இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அதற்கான கருவி அவர் கையில் தயாராகவே இருந்தது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பிரண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஏற்கெனவே பிரவுசருக்குள் குடியேறியிருந்தது. அதில் விண்டோ.ஓப்பன் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தைப் புதிய ஜன்னலில் திறந்துவிடும். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, திரையில் எந்த மூலை என்பதையும் கேட்டுக்கொள்ளும். உதவிக்குறிப்பைச் சின்ன ஜன்னலில் காட்டவும், படத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் உதவும் நல்ல வசதி. ஆனால் அந்தக் காலத்துப் பிரவுசர், கட்டளை யாரிடமிருந்து வந்தது என்று விசாரிக்கவில்லை. நீங்கள் ஓர் இணைப்பைச் சொடுக்கியதால் வந்ததா, பக்கம் தன்னிச்சையாக இட்டதா என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. கேட்டுத் திறந்த ஜன்னலையும் கேளாமல் திறந்த ஜன்னலையும் பிரித்தறிவது எப்படி? பாப்-அப் தடுப்பின் அறிவியல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

வசதி தெரிந்ததும் விளம்பர உலகம் அதை இறுகப் பற்றிக்கொண்டது. ஒரு பக்கத்தைத் திறந்தால் கூடவே இரண்டு ஜன்னல் வரும். அவற்றை மூடினால், மூடியதையே சாக்காக வைத்து இன்னும் இரண்டு வரும். 2001ஆம் ஆண்டளவில் எக்ஸ்10 என்ற நிறுவனத்தின் கம்பியில்லாக் கேமரா விளம்பரம் இப்படித்தான் புகழ்பெற்றது. அது பாப்-அப் அல்ல, பாப்-அண்டர். நீங்கள் படிக்கும் ஜன்னலுக்கு அடியில் ஓசையின்றித் திறந்து கிடக்கும். வேலையெல்லாம் முடித்து ஒவ்வொன்றாக மூடும்போதுதான் கண்ணில் படும். எந்தத் தளம் அதைத் திறந்தது என்று அப்போது கண்டுபிடிக்கவும் வழியில்லை.

எரிச்சலோடு காசும் போயிற்று. டயல்-அப் மோடம் ஒன்று நொடிக்கு 28.8 கிலோபிட் இறக்கினால், அது நொடிக்கு 3.6 கிலோபைட். படங்களோடு சேர்த்து 60 கிலோபைட் எடையுள்ள ஒரு பாப்-அப் வந்து சேர ஏறக்குறைய 17 நொடி ஆகும். அத்தனை நொடியும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி உட்கார்ந்தவர்களும் அந்த விலையைத் தங்கள் நேரத்திலிருந்து கொடுத்தார்கள். விளம்பரம் கொடுத்தவருக்கு அந்தச் செலவில் பங்கில்லை. வேண்டாத ஒன்றைப் பார்ப்பதற்கான கூலியையும் பார்ப்பவரிடமே வாங்குவது அநியாயம். இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

சரி, எங்கே தடுப்பது? சர்வர் நம் கையில் இல்லை. பிரவுசரும் அன்றைக்குப் பெரும்பாலும் நம் கையில் இல்லை. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் கட்டிக் கொடுத்ததை அப்படியே ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி மட்டும் திறந்து கிடந்தது. அந்த வழியில் பயணம் செய்வது என்ன? வெறும் எழுத்து. வலைப்பக்கம் என்பது திரையில் தெரியும் ஓவியமாக நம்மிடம் வருவதில்லை. இந்த இடத்தில் தலைப்பு, இந்த இடத்தில் படம், இந்தச் சொடுக்கலுக்கு இந்தச் செயல் என்று எழுதப்பட்ட ஒரு நீண்ட உரையாக வருகிறது. பிரவுசர் அதைப் படித்துத்தான் ஓவியமாக்குகிறது. அப்படியானால், பிரவுசர் படிப்பதற்கு முன்பே இன்னொரு நிரல் அந்த உரையைப் படித்து, வேண்டாத வரிகளை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்தால்?

நடுவில் ஒரு நிரலை நிறுத்தும் ஏற்பாடு விளம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. 1994இல் ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டுக்காக ஆரி லுவோடோனென், கெவின் ஆல்ட்டிஸ் இருவரும் ப்ராக்ஸி பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனங்களின் உள்வலையமைப்பை ஃபயர்வால் காவல் காக்கும். உள்ளே இருப்பவர்கள் நேரடியாக வெளியே போக முடியாது. அவர்கள் சார்பில் போய்ப் பக்கத்தை வாங்கிவந்து கொடுப்பது ப்ராக்ஸியின் வேலை. ஒருவர் கேட்ட பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அதையே கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தவும் செய்யும்.

ப்ராக்ஸியிடம் பேசும்போது பிரவுசர் தன் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது. சர்வரிடம் நேரடியாகக் கேட்கையில், தளத்துக்குள் எந்தப் பக்கம் என்ற பாதையை மட்டும் முதல் வரியில் சொல்லும். ப்ராக்ஸியிடம் கேட்கையில் தளத்தின் பெயரோடு முழு முகவரியையும் சொல்லும். ஆகவே எந்தத் தளத்தின் எந்தக் கோப்பு கேட்கப்படுகிறது என்பது ப்ராக்ஸிக்குத் துல்லியமாகத் தெரியும். பதில் வரும்போது அதன் முழு உரையும் இதன் கைவழியே போகும். இந்த ப்ராக்ஸி வேறு ஊரில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 127.0.0.1 என்ற முகவரி எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும். பிரவுசரின் அமைப்பில் ப்ராக்ஸி முகவரியாக அதைக் கொடுத்துவிட்டால், உங்கள் கணினிக்குள் ஓடும் இரண்டு நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கும்.

இந்த யோசனையைப் பரவலாக்கியது இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் என்ற நிரல். அதன் 1997ஆம் ஆண்டுப் பதிப்புரிமைக் குறிப்பில் இரண்டு பெயர்கள்தான் உண்டு: ஒன்று ஜேசன் கேட்லெட் நிறுவிய ஜங்க்பஸ்டர்ஸ் நிறுவனம், மற்றது 'பெயரறியா நிரலாளர்கள்'. மூலநிரல் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருந்தது. அதனால் நிறுவனம் அதை வளர்ப்பதை நிறுத்திய பிறகும் தன்னார்வலர்கள் கையில் எடுத்து, 2001இல் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அதுவே ப்ரிவாக்ஸி. இன்றுவரை அதன் வாசல் 8118ஆம் எண் போர்ட்.

விண்டோஸ் பயனர்களிடையே அதே காலத்தில் செல்லமாக இருந்தது ப்ராக்ஸோமிட்ரான். ஸ்காட் லெமன் என்ற ஒரே மனிதரின் கைவண்ணம். பக்கத்து உரையில் எதைத் தேட வேண்டும், எதை வைத்து மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு அவர் தானே ஒரு குறுமொழியை வகுத்தார். நிரல் தெரியாதவர்கள்கூட அதைக் கற்றுக்கொண்டு வடிகட்டிகள் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். நிரலுக்கு அவர் விலை வைக்கவில்லை. பிடித்திருந்தால் ஒசாகாவைச் சேர்ந்த ஷோனென் நைஃப் என்ற பெண்கள் இசைக்குழுவின் இசைத்தட்டு ஒன்றை வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2003இல் அவர் வேலையை நிறுத்தினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மூலநிரல் வெளியாகாததால் நிரலைத் திருத்த வேறு யாராலும் முடியவில்லை. ஆனாலும் வடிகட்டிகள் வெளியே தனிக் கோப்பாக இருந்தன. பயனர்கள் அவற்றை மட்டும் புதுப்பித்துப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் அந்த நிரலை உயிரோடு வைத்திருந்தார்கள்.

வடிகட்டும் ப்ராக்ஸி செய்யும் வேலை இரண்டு வகை. முதலாவது எளியது: முகவரியைப் பார்த்து மறுப்பது. விளம்பரங்கள் பெரும்பாலும் வேறு சர்வர்களிலிருந்து வருகின்றன. பிரவுசர் அந்த முகவரியைக் கேட்கும்போது ப்ராக்ஸி வெளியே போகாமலே மறுத்துவிடும். டயல்-அப் காலத்தில் இதுவே பெரிய வரம். வராத படத்துக்கு நேரம் ஆகாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த படக்குறி தெரிந்து பக்கம் அலங்கோலமாகும் என்பதால், ப்ரிவாக்ஸி பதிலுக்குத் தானே ஒரு படம் அனுப்பும்: கட்டம் கட்டமான சிறு வடிவம், அல்லது கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் புள்ளி.

ஆனால் எந்த முகவரி விளம்பரம்? உலகத்திலுள்ள எல்லா விளம்பரச் சர்வர்களையும் பட்டியலிட முடியாது. ஆகவே வடிவங்களை எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் சர்வர் பெயர் எதுவானாலும் மறு என்பது ப்ரிவாக்ஸியின் கையேடு காட்டும் விதிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் விளம்பரத்துக்கான சுருக்கச் சொல் அது என்பதால் ஏராளமான விளம்பரங்கள் இந்த ஒரே வரியில் அடங்கிவிடும். கூடவே அடோபியும் அடங்கிவிடும். அறிவுரை தரும் அட்வைஸ் தளங்கள் அடங்கும். அகன்ற அலைவரிசை இணைப்பான ஏடிஎஸ்எல் பற்றிய தளங்களும் அடங்கும். ஆகவே அந்த விதிக்கு அடியிலேயே விலக்குப் பட்டியல் ஒன்று: இவற்றுக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடு. ஏ, டி, எஸ் என்று முடியும் பெயர்களை மறுத்தால் டவுன்லோட்ஸ், அப்லோட்ஸ் இரண்டும் மாட்டும், அவற்றுக்கும் விலக்கு. பல்கலைக்கழகங்களுக்கு மொத்தமாக விலக்கு, அவை விளம்பரம் வெளியிடுவதில்லை என்பதால்.

இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு வகைப்படுத்தும் கலையின் அடிப்படை புரிந்துவிடும். வலையை அகலமாக வீசினால் நல்லதும் மாட்டும். குறுக்கினால் கெட்டது தப்பும். இரண்டு பிழைகளையும் ஒரே நேரத்தில் சுழியமாக்கும் விதி கிடையாது. எந்தப் பிழை குறைந்த சேதம் தரும் என்று தீர்மானிப்பது மட்டுமே வடிகட்டி எழுதுபவரால் ஆகும். மருத்துவப் பரிசோதனை வகுப்பவரும், மின்னஞ்சல் குப்பையைப் பிரிப்பவரும் இதே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு அளவைப் பார்க்கும் வழியும் இருந்தது. 1996இல் விளம்பரத் துறை தன் வசதிக்காகப் பட்டை விளம்பரத்தின் அளவை 468க்கு 60 புள்ளி என்று தரப்படுத்தியது. எந்த நிழற்படமும் இயல்பாக அந்த அளவில் அமைவதில்லை. ஆகவே அந்த அளவைச் சொல்லும் பட வரியை உரையிலிருந்து நீக்கினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. எதிராளி வகுத்த தரமே அவரை அடையாளம் காட்டிக்கொடுத்தது.

பாப்-அப் விஷயத்தில் முகவரி மட்டும் போதாது. விளம்பரச் சர்வரை மறுத்தாலும் ஜன்னல் திறக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத வெற்று ஜன்னல். அதையும் நீங்கள்தான் மூட வேண்டும். ஜன்னலைத் திறக்கும் கட்டளை நீங்கள் விரும்பிக் கேட்ட பக்கத்தின் உரைக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். இங்கேதான் ப்ராக்ஸியின் இரண்டாவது வகை வேலை வருகிறது: உரையைத் திருத்துவது.

எல்லா விண்டோ.ஓப்பன் கட்டளைகளையும் செயலற்றதாக்குவது கடினமல்ல. ப்ரிவாக்ஸியில் அப்படி ஒரு வடிகட்டி உண்டு. புதிய ஜன்னலில் திற என்று இணைப்போடு எழுதப்பட்ட குறிப்பின் பெயரைக்கூட பிரவுசருக்குப் புரியாத வேறு பெயராக மாற்றிவிடும். புரியாத குறிப்பைப் பிரவுசர் பொருட்படுத்தாது. ஆனால் இது கண்மூடித்தனம். தேர்வு முடிவைச் சிறு ஜன்னலில் காட்டும் தளமும், கணக்கு விவரத்தைத் தனி ஜன்னலில் திறக்கும் வங்கியும் இதனால் முடங்கும். கேட்டுத் திறந்ததை விட்டுவிட்டுக் கேளாததை மட்டும் தடுக்க வேண்டும். ப்ராக்ஸிக்கோ உங்கள் விரலும் தெரியாது, சுட்டியும் தெரியாது. அதன் முன் இருப்பது எழுத்து மட்டும். எழுத்தை மட்டும் வைத்து விருப்பத்தை எப்படி அறிவது?

ப்ரிவாக்ஸி கண்ட விடை அழகானது. விருப்பத்தை நேரடியாக அறிய முடியாவிட்டால் நேரத்தைப் பார். பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே திறக்கும் ஜன்னலை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. சொடுக்குவதற்கான பொத்தானே இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பக்கம் முழுவதும் ஏறிய பின் திறப்பது, பெரும்பாலும் நீங்கள் எதையோ சொடுக்கியதால் திறப்பது. இந்த ஊகத்தை அது மூன்று திருத்தங்களாக மாற்றுகிறது. பக்கத்தின் தலைப்பகுதி தொடங்கியதும், ப்ரிவாக்ஸிவிண்டோஓப்பன் என்ற பெயரில் ஒன்றுமே செய்யாத வெற்றுச் செயல்கூறு ஒன்றை உரைக்குள் செருகும். அடுத்து, பக்கத்தில் எங்கெல்லாம் ஜன்னலைத் திறக்கும் கட்டளை எழுதப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இந்தப் பெயரை மாற்றி எழுதும். கடைசியாக, பக்கம் முடிகிற இடத்தில் அதே பெயரில் இன்னொரு வரையறையைச் செருகும். இந்த முறை அது உண்மையான விண்டோ.ஓப்பனை அழைக்கும்.

பிரவுசர் உரையை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. வழியில் வரும் கட்டளைகளை அப்போதைக்கப்போதே நிறைவேற்றுகிறது. ஆகவே படித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் திறக்க முயலும் விளம்பரம் வெற்றுச் செயல்கூறிடம் போய் முட்டி ஓய்ந்துவிடும். கடைசி வரியைத் தாண்டியதும் அதே பெயர் உயிர்பெறுகிறது. பிறகு நீங்கள் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் வழக்கம்போல் திறக்கும். பக்கத்தை எழுதியவருக்கும் தெரியாது, பிரவுசருக்கும் தெரியாது. மூன்று திருத்தங்களில் ஒரு பக்கத்தின் நடத்தையே நாகரிகமாகிவிட்டது.

திருத்துவதில் நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. இணையத்தில் உரை ஒரே மூச்சில் வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. விண்டோ என்ற சொல் ஒரு துண்டின் கடைசியிலும் ஓப்பன் என்பது அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்தால், துண்டுகளைத் தனித்தனியே பார்க்கும் வடிகட்டிக்கு இரண்டும் சேர்ந்து தெரியாது. ஆகவே பக்கம் முழுவதையும் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு திருத்த வேண்டும். அதுவரை திரை காத்திருக்கும். பல சர்வர்கள் உரையைச் சுருக்கி அனுப்பும். அதை விரித்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சுருக்காமல் அனுப்பு என்று முன்பே சர்வரிடம் சொல்லிவிட வேண்டும். திருத்திய பின் உரையின் நீளம் மாறிவிடும். இத்தனை பைட் வருகிறது என்று சர்வர் முகப்பில் எழுதியனுப்பிய எண்ணையும் மாற்றாவிட்டால், பிரவுசர் பழைய எண்ணோடு நின்று பக்கத்தின் வாலை வெட்டிவிடும்.

இவையெல்லாம் பொறுமையால் தீரக்கூடியவை. தீராத ஒன்று உண்டு. விளம்பர நிரலாளர் ஓப்பன் என்ற சொல்லை முழுதாக எழுதாமல், ஓப் என்று ஒரு துண்டும் பன் என்று ஒரு துண்டுமாக வைத்து, ஓடும் நேரத்தில் ஒட்டிக்கொண்டால்? உரையில் தேடும் வடிகட்டிக்குக் கிடைப்பது இரண்டு பொருளற்ற துண்டுகள். அல்லது ஒரு கடிகாரத்தை வைத்து, பக்கம் ஏறி ஐந்து நொடி கழித்துத் திறந்தால்? அதற்குள் வெற்றுச் செயல்கூறு உயிர்பெற்றிருக்கும். இரண்டு தந்திரங்களும் புழக்கத்துக்கு வந்தன. நிகழ்வுகளையும் கடிகாரங்களையும் மொத்தமாகப் பிடுங்கி எறியும் கடுமையான வடிகட்டியும் ப்ரிவாக்ஸியில் இருக்கிறது. அதைப் போட்டால் பாதித் தளங்கள் மரக்கட்டையாகிவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு கணிதச் சுவர் நிற்கிறது. கொடுத்த நிரல் ஒன்று எப்போதாவது நிற்குமா என்று எல்லா நிரல்களுக்கும் சொல்லக்கூடிய பொதுவழி இல்லை என்று 1936இல் ஆலன் டூரிங் நிறுவினார். 1953இல் ஹென்றி கார்டன் ரைஸ் அதை விரித்தார்: ஒரு நிரலின் நடத்தை பற்றி, எல்லா நிரல்களுக்கும் ஒரே விடை வராத எந்தக் கேள்வியைக் கேட்டாலும், எழுத்தை மட்டும் பார்த்து எப்போதும் சரியாக விடை சொல்லும் பொதுவழி இருக்க முடியாது. இந்த நிரல் எப்போதாவது ஜன்னலைத் திறக்குமா என்பது அப்படிப்பட்ட கேள்வி. ஆகவே உரையைப் படித்து மட்டும் பாப்-அப்பை முற்றாக ஒழிக்கும் ப்ராக்ஸியை எவ்வளவு திறமைசாலியாலும் எழுத முடியாது. வடிகட்டிகள் தோற்றது எழுதியவர்களின் குறையால் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிரலை ஓட்டுபவரிடம் கேட்டால் விடை எளிது. ஓட்டுவது பிரவுசர். உங்கள் விரல் எப்போது அழுத்தியது என்பதும், அந்த அழுத்தலின் தொடர்ச்சியாகத்தான் இந்தக் கட்டளை ஓடுகிறதா என்பதும் அதற்குத் தெரியும். 2000இல் ஓப்பரா தன் பிரவுசருக்குள்ளேயே பாப்-அப் தடுப்பைச் சேர்த்தது. 2002இல் வெளியான மொசில்லா 1.0இலும் அது இருந்தது. மொசில்லாவை அடித்தளமாகக் கொண்டு, விளம்பரத்திலும் சம்பாதித்த இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் வெளியிட்ட நெட்ஸ்கேப் 7.0இல் மட்டும் அந்த வசதியைக் காணோம், அடுத்த 7.01 பதிப்பில்தான் வந்தது. பிரவுசரை யார் கட்டுகிறாரோ அவருடைய கணக்கும் அதற்குள் இருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. தனி ப்ராக்ஸிக்கு அப்படி ஓர் எசமானர் இல்லை. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தடுக்கத் தொடங்கியதும் பழைய பாப்-அப்பின் காலம் ஏறத்தாழ முடிந்தது. இன்றைய விதிப்படி ஒரு சொடுக்கல் தரும் அனுமதி சில நொடிகளே செல்லும். ஒரு ஜன்னல் திறந்ததும் அது தீர்ந்துவிடும். விளம்பரம் அதற்குப் பிறகு ஜன்னலைக் கைவிட்டு, பக்கத்துக்குள்ளேயே மேலெழுந்து மறைக்கும் பெட்டியாக மாறியது. அந்தப் பெட்டிக்கு விண்டோ.ஓப்பன் தேவையில்லை; பாப்-அப் தடுப்பான் அதைத் தொடாது. அதைப் பிடிக்க மறுபடியும் உரையையும் முகவரியையும் பார்க்க வேண்டும். பிரவுசருக்குள் சேர்க்கும் விளம்பரத் தடுப்பு நீட்சிகள் அதைத்தான் செய்கின்றன. ஜங்க்பஸ்டர் கற்றுத் தந்த பாடத்தை இடம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

இடம் மாற வேண்டிய கட்டாயமும் வந்தது. வலைப்போக்குவரத்து எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கத்துக்கு மாறியது. 2017 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்றிய பக்கங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் வந்தன. இப்போது பிரவுசர் ப்ராக்ஸியிடம் பக்கத்தைக் கேட்பதில்லை. இந்தச் சர்வருக்கு ஒரு குழாய் அமைத்துக் கொடு என்று மட்டும் கேட்கிறது. சர்வரின் பெயரும் போர்ட் எண்ணும் ப்ராக்ஸிக்குத் தெரியும். குழாய்க்குள் ஓடும் உரை தெரியாது. பெயரைப் பார்த்து மறுக்கலாம், திருத்த முடியாது.

வடிகட்டியின் கையைக் கட்டிய இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். நடுவில் நிற்பவர் நீக்கவும் செய்யலாம், சேர்க்கவும் செய்யலாம். 2015 ஜூனில் பெங்களூரு நிரலாளர் ஒருவர் தன் சொந்த வலைப்பக்கத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் பார்த்தபோது, தான் எழுதாத நிரல்வரிகள் அதில் செருகப்பட்டிருப்பதைக் கண்டார். ஆதாரத்தை வெளியிட்டதும், அந்த நிரலுக்கு உரிமை கொண்டாடிய ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்திடமிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் டேட்டா பயன்பாட்டை அறிய உதவும் சோதனை அது என்று ஏர்டெல் விளக்கம் சொன்னது. நோக்கம் எதுவாக இருந்தாலும், ஜங்க்பஸ்டர் நின்ற அதே இடத்தில் வேறொருவர் நின்றிருக்கிறார், கணினிக்காரரைக் கேளாமல்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விவகாரம் இன்னும் கொடியது. லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற நிரல் விற்பனைக்கு முன்பே ஏற்றப்பட்டிருந்தது. கணினிக்குள் ஓடும் ப்ராக்ஸிதான் அதுவும். வேலை மட்டும் தலைகீழ். பக்கங்களுக்குள் விளம்பரம் செருகும். மறையாக்கம் தடுக்காமலிருக்க, எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாகக் கணினியை நம்பவைத்திருந்தது. அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றே. பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சாவியைப் பூட்டிய கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது, அந்த மறையாக்க உடைப்புப் பகுதியைத் தயாரித்த கொமோடியா நிறுவனத்தின் பெயரேதான். அதன் பிறகு அதே வைஃபையில் இருக்கும் எவரும் அந்தக் கணினிகளிடம் வங்கியாக வேடமிட முடியும்.

2020இல் வெளியான ப்ரிவாக்ஸி 3.0.29 பதிப்பு இந்த வழியைக் கவனமாக எடுத்துக்கொண்டது. மறையாக்கப்பட்ட பக்கத்தையும் விரித்துத் திருத்தும் வசதி அதில் சேர்ந்தது. ஆனால் நிரலோடு சாவி எதுவும் வருவதில்லை. பயன்படுத்துபவரே தன் கணினியில் சாவியையும் சான்றிதழையும் உருவாக்கி, தன் கையால் பிரவுசரில் சேர்க்க வேண்டும். நடுவில் ப்ராக்ஸி வந்துவிட்டதால், எதிரில் இருப்பது உண்மையான சர்வரா என்று சரிபார்க்கும் பொறுப்பு பிரவுசரிடமிருந்து ப்ராக்ஸிக்குப் போகிறது. அந்தச் சோதனையை ப்ரிவாக்ஸி தானே செய்கிறது. வசதி எல்லாத் தளங்களுக்கும் தானாக இயங்காது. எந்தத் தளங்களைத் திறந்து பார்க்கலாம் என்று விதிக்கோப்பில் எழுத வேண்டும். வங்கி, மருத்துவமனை, மின்னஞ்சல் போன்றவற்றை அந்த வரிகளில் சேர்க்காமல் விட்டுவிட்டால், அவற்றுக்குக் குழாய் மட்டும் அமைத்துக் கொடுத்துவிட்டு ப்ராக்ஸி ஒதுங்கிக்கொள்ளும்.